பெர்மிற் என்ரை பேரிலை

உந்தப் பையைத் தூக்கி மடியிலை வையும் பிள்ளை, நான் இதிலை இருக்கிறன். எழுபத்தாறு வயசு எனக்கு. அங்காலை ஒருத்தன் இரண்டு பேற்றை இடத்திலை காலை அகட்டிக்கொண்டு இருக்கிறான், எழும்புவான் எண்டு பாத்தன். போனுக்கை விட்ட தலையை எடுக்கிறானில்லை. இப்பத்தையச் சனம் இவ்வளவுதான்.

யாழ்ப்பாணம் மட்டுமோ? நல்லது, நானும் அங்கைதான். அப்ப இரண்டு மணித்தியாலம் கிடக்கு. நான் ஒருத்தரையும் குறை சொல்லுற ஆளில்லை. ஆனால் காணிக் கந்தோரிலையிருந்து ஒரு ஒப்பீசர் வந்து இண்டைக்கு எனக்குச் செய்த வேலையை ஆரிட்டையாவது சொல்லாட்டி நெஞ்சு வெடிச்சுப்போம்.

எனக்குப் பாலையடிக்குளம் கொலனியிலை மூண்டு ஏக்கர் மேட்டுக்காணி. நீர் கேள்விப்பட்டிருக்கமாட்டீர். கிளிநொச்சியிலையிருந்து கிழக்கை போய், குளக்கட்டைத் தாண்டி இன்னும் உள்ளுக்கை. அறுபத்தொம்பதாம் ஆண்டு படிச்ச ஆக்களுக்கெண்டு குடுத்த காணி. படிச்ச ஆக்களுக்கு! அதை வடிவாக் கேளும். கண்டவன் நிண்டவனுக்குக் குடுத்ததில்லை. நேர்முகப் பரீட்சை வைச்சவங்கள். "விவசாயத்திலை அனுபவம் இருக்கோ?" எண்டு கேட்டாங்கள். "அது எங்கடை இரத்தத்திலை ஊறினது சேர்" எண்டு இங்கிலீசிலை சொன்னன். எங்கடை அப்புவுக்குச் சுருட்டுக்கடை. அதை ஆர் கேட்டது? பேரைச் சொன்னன், பரராசசிங்கம் எண்டு. அந்த இடத்திலையே என்ரை பேரிலை காணிப் பெர்மிற் எழுதிப்போட்டாங்கள்.

முதல் போய்ப் பாக்கேக்கை காடு. பாலையும் வீரையும் முதிரையும், கீழை முழுக்க முள்ளு. வழி நெடுக ஆனை லத்தி. அறுபது பேருக்கு அறுபது துண்டு. பெரிய மரங்களை மட்டும் அரசாங்கம் விழுத்தித் தந்தது, மிச்சக் காட்டை நாங்கள் வெட்டவேணும். நான் வெட்டினனான். ஆள் விட்டு வெட்டுவிச்சனான், எல்லாம் ஒண்டுதானே. வெட்டுறவனுக்கு உடம்பு நோகும், படுத்தெழும்பினால் மாறிப்போம். நிண்டு பாக்கிறவனுக்குத்தான் பொறுப்பு. கிணறும் நான்தான் வெட்டினது. இருபது முழத்திலை கல்லு வந்து, வெடி வைச்சு, பிறகும் வெட்டி, தண்ணி கண்டது. தண்ணி கண்ட அண்டைக்கு நான் யாழ்ப்பாணத்திலை. அரசாங்கக் கிளாக் எல்லோ நான். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறி, சனிக்கிழமை காணியிலை நிண்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டை. அப்பிடித்தான் நான் கமம் செய்தது.

மற்றவை என்ன செய்தவை தெரியுமோ? வேலையையும் விட்டுப்போட்டு, பெண்சாதி பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டுக்கை கொட்டில் போட்டுக் குந்தினவை. இரவிலை தகரம் தட்டி ஆனை கலைக்கிறது, மாரி வந்தால் மலேரியா வந்து நடுங்கிக்கொண்டு கிடக்கிறது. எனக்குப் பக்கத்துத் துண்டுக்காரன் ஒரு வாத்தியார், படிச்ச மனுசன், ஒரு வருஷத்திலை வேடன் மாதிரிப் போனான். காலிலை செருப்பில்லை, நகத்துக்கை மண். "பரராசா, நீயும் வந்து இரன், மண் ஆளைக் கேக்குது" எண்டான். மண் கேக்குதாம்! படிச்சவன் காட்டை ஆளவேணும், காட்டுக்கை கிடந்து புழுத்துப்போகக் கூடாது. அந்த விசரங்களைத்தான் இப்ப "முன்னோடிக் குடியேற்றவாசிகள்" எண்டு போன வருஷம் ஒரு நினைவு மலரிலை படம் போட்டு அடிச்சிருக்கிறாங்கள். தொடக்கத்திலையிருந்து கடைசி மட்டும் பிரட்டிப் பாத்தன். என்ரை பேர் இல்லை.

அது கிடக்கட்டும்.

அந்தக் காலம் வெளியிலையிருந்து மிளகாய் வரக்கூடாதெண்டு அரசாங்கம் நிப்பாட்டினது. வன்னி முழுக்க மிளகாய்தான். கொலனிக்குள்ளை போனால் வெயிலிலை காயப்போட்ட பழம் கண்ணைக் குத்தும், சிவப்பெண்டால் அப்பிடியொரு சிவப்பு. மிளகாய் எண்டால் சும்மா நட்டுவிட்டு வரேலாது. நாள் விட்டு நாள் தண்ணி, புல்லு, மருந்து, பழம் ஆய்தல். ஊர்க் கூலியள் வந்து ஒரு கிழமை நிக்குங்கள், பிறகு அம்மன் கோயில் திருவிழா எண்டு ஓடுங்கள். எனக்கு நிரந்தரமா ஆள் தேவைப்பட்டது.

எழுபத்துநாலிலை கிடைச்சது. மலைநாட்டுத் தோட்டங்களிலை பஞ்சம். சனம் றெயிலிலையும் லொறியிலையும் நடந்தும் வந்து, கொலனிச் சந்தியிலை மூட்டையோடை குந்திக்கொண்டிருக்கும். நான் ஒரு சனிக்கிழமை போய் அதுக்குள்ளை தேடி ஒரு சோடியை எடுத்தன். சன்னாசி, பெருமாயி. அவனுக்கு முப்பது வரும், அவளுக்கு இருபத்துமூண்டு, நாலு. நான் முகத்தைப் பாக்கேல்லை, கையைப் பாத்தன். மாடு வாங்கிறவன் பல்லைப் பாக்கிறேல்லையோ, அதைப்போலை. ஆள் தெரிவு செய்யிறதும் ஒரு படிப்பு.

சன்னாசி என்னைத் "தொரை" எண்டான். தோட்டத்திலை வெள்ளைக்காரனைக் கூப்பிட்ட வாய். நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை.

வேலை எண்டால் வேலைதான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அதுகளுக்கு மிளகாயே தெரியாது, தேயிலைதான் தெரியும். நான் விவசாயக் கந்தோரிலை குடுத்த துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுபோய் வரம்பிலை நிண்டு வாசிப்பன், அவள் செய்வாள். நான் வாசிக்காட்டி அவள் என்னத்தைச் செய்யிறது? இரண்டாம் போகத்திலை எனக்கே சொல்ல வெளிக்கிட்டாள். "ஐயா, எல சுருண்டு வருது. அந்த மருந்து சரியில்ல, வேற கேட்டுட்டு வாங்க." பிரசுரத்திலை போட்டிருக்கு, நீ பொத்திக்கொண்டு அடி எண்டன். அடிச்சாள். அந்தப் பாத்தி முழுக்கப் பட்டுப்போச்சு. மருந்து பிழையில்லை, அவள் அடிச்ச விதம் பிழை.

இப்ப நான் சொல்லப்போறது மூளையான விஷயம். அதுகளைக் காணிக்கை இருத்தினால் பிறகு எழுப்பேலாது. பக்கத்துக் கொலனியிலை ஒருத்தன் கூலிக்கு இருத்தின சனம் பத்து வருஷத்தாலை, "இது எங்கடை குடியிருப்பு" எண்டு பெட்டிசம் போட்டுக் காணியைப் பிடிச்சது. நான் அதுக்கு இடம் குடுக்கேல்லை. ஒவ்வொரு வருஷமும் கொட்டிலை இடம் மாத்துவிச்சன். முதல் வருஷம் கிழக்கு மூலை. அடுத்த வருஷம் பிரிச்சு மேற்கை போடு. அதுக்கடுத்த வருஷம் கிணத்தடிக்கு வா. தென்னை, பலா ஒண்டும் வைக்கக்கூடாது. வைச்சால் பயன்தரு மரம் எண்டு எழுதி உரிமை கேப்பினம். கத்தரி, வெண்டி வையுங்கோ, ஆறு மாசத்திலை செத்துப்போம்.

அவள் ஒருக்கால் கேட்டாள், "ஐயா, மெழுகின தரை காயறதுக்குள்ள அடுத்த தரை மெழுகச் சொல்றீங்களே, ஏன்?"

"உங்களுக்கு நல்ல காத்து வரட்டும் எண்டுதான்."

அவள் சிரிச்சாள். எதைச் சொன்னாலும் நம்புற சனம் அதுகள்.

கிணத்தடியிலை போட்டதை மட்டும் கொஞ்சம் கவனமாப் போட்டாள். மண் சுவர் எழுப்பி, செம்மண் பூசி, உள்ளுக்கை ஒரு மூலையிலை உயர்த்தி அடுப்பு வைச்சு. அப்ப வயித்திலை பிள்ளை. சுவர் வைக்கவேண்டாம், கிடுகு காணும் எண்டு சொன்னன். "பச்சப்புள்ள வரப்போகுது ஐயா, மழைக்குத் தாங்காது" எண்டாள். சரியெண்டு விட்டன். பாரும், நான் இரக்கப்படாதவன் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது.

எழுபத்தாறு கார்த்திகையிலை கந்தோரிலையிருந்து எனக்கு ஒரு சிநேகிதன் சொல்லி அனுப்பினான். குடியேற்ற உத்தியோகத்தர் துண்டு துண்டா வந்து பாக்கப்போறாராம். பெர்மிற்காரன் காணியிலை குடியிருக்கிறானோ, தானே பயிர் செய்யிறானோ எண்டு. இல்லாட்டிப் பெர்மிற்றை வெட்டுவினமாம். நான் சுகயீனம் எண்டு லீவு போட்டிட்டு அடுத்த பஸ்ஸிலை ஏறிப் போனன்.

போய் என்ன செய்தன் தெரியுமோ? சுவர் வைச்ச வீடு அது ஒண்டுதான் கிடக்கு. "ஒப்பீசர் வந்து போகுமட்டும் நான் இதிலை இருக்கவேணும், நீங்கள் மிளகாய் காயப்போடுற பந்தலுக்குப் போங்கோ" எண்டன். நாலு நாள், அவ்வளவுதான். சன்னாசி தலையைச் சொறிஞ்சான். அவள் சட்டி பானையை எடுத்தாள், தொட்டில் கட்டின சீலையை அவிட்டாள். எட்டு மாசப் பிள்ளை, பெட்டைக்குஞ்சு. பேர் என்னவோ வைச்சிருந்தவை. நான் சாமிப்படமும் கலண்டரும் கொழுவி, என்ரை சேட்டைக் கயித்திலை போட்டு, சோடிச்சு வைச்சன். பாத்தால் பத்து வருஷம் இருந்த மனுசன்.

வாறனெண்ட ஒப்பீசர் வரேல்லை. நாலு நாள் ஆறாச்சு, ஆறு எட்டாச்சு. மழை எண்டால் வன்னி மழை, குளம் வான் பாயுது. நான் பட்ட பாட்டைக் கேளும். தடியிலை கட்டின கட்டில், முதுகு போச்சு. புகை. ஒருநாள் கூரையிலையிருந்து மட்டத்தேள் விழுந்தது. பச்சைத் தண்ணியிலை குளிப்பு. அவள் அள்ளிவைச்ச தண்ணியிலை நான் வாய் நனைக்கிறேல்லை, நானே அள்ளிக் குடிச்சன். பதினொரு நாள் பிள்ளை! நான் அந்தக் காணிக்காகப் பதினொரு நாள் காட்டுக்கை கிடந்திருக்கிறன். மலர் அடிச்சவனுக்கு இதெல்லாம் தெரியுமோ?

ஒன்பதாம் நாள் பின்னேரம் அவள் வாசலிலை வந்து நிண்டாள். தலையாலை தண்ணி ஓடுது. பிள்ளையைச் சாக்கிலை சுத்தி வைச்சிருக்கிறாள்.

"ஐயா, புள்ளைக்கு நெஞ்சு இழுக்குது. அந்தப் பந்தல்ல மூணு பக்கமும் சாரல். அடுப்போரத்துல ஒரு மூலைல மட்டும் போட்டுக்கிறேன். நான் வெளியிலேயே இருந்துக்கிறேன்."

நான் யோசிச்சன். யோசிக்காமல் விட்டேனெண்டு நினையாதையும். ஒப்பீசர் விடிய வந்தாலும் வந்திடுவான். பிள்ளைச்சீலையும் பால்மணமும் கிடந்தால், இது ஆற்றை வீடெண்டு கேக்கமாட்டானோ? ஏழு வருஷம் பாடுபட்ட காணி. "இண்டைக்கு ஒரு பொழுது பொறு, விடியட்டும் பாப்பம்" எண்டன். கதவெண்டு ஒண்டில்லை, ஒரு தட்டி. அதை இழுத்துச் சாத்தினன், சாரல் அடிச்சது.

விடிய ஆசுப்பத்திரிக்குக் கொண்டு வெளிக்கிட்டவை. ஏழு மைல். வாத்தியார்தான் வண்டில் குடுத்தவனாம். போற வழியிலை செத்துப்போச்சு. காய்ச்சல். அந்த வருஷம் கொலனியிலை எத்தினை பிள்ளையள் செத்தது, எங்களைப் போலை ஆக்களின்ரையும் செத்தது. காய்ச்சலுக்கு நான் என்ன செய்ய? சன்னாசி வந்து எங்கை புதைக்கிறதெண்டு கேட்டான். காணிக்கை வேண்டாம், குளத்துப் பக்கம் கொண்டுபோ எண்டு சொன்னன். மரியாதையாத்தான் சொன்னன்.

அடுத்த நாள் காலமை பத்து மணிக்கு ஒப்பீசர் வாறான்! குடையும் பிடிச்சுக்கொண்டு, சப்பாத்தைத் தூக்கித் தூக்கி வைச்சு, கொக்குப் போலை. நான் சாரத்தை மடிச்சுக் கட்டி, மண்வெட்டியையும் கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டன். கிணத்தின்ரை ஆழம் கேட்டான், சொன்னன். எத்தினை நாளுக்கு ஒருக்கால் இறைக்கிறனீர் எண்டான். வாயிலை வந்தபடி மூண்டு எண்டன். அவன் என்னைப் பாத்தான், பாத்தியைப் பாத்தான், வாசலிலை குந்திக்கொண்டிருந்த பெருமாயியைப் பாத்தான். அவளிட்டைப் போனான்.

ஒரு சொல்லு அவள் மாறிச் சொன்னால் மூண்டு ஏக்கரும் போச்சு.

"இந்த வீட்டிலை ஆர் இருக்கிறது?" எண்டு கேட்டான்.

அவள் நிமிந்து என்னைப் பாத்தாள்.

"ஐயாதான் இருக்காரு."

"நீங்கள்?"

"நாங்க வெளியில."

அவன் எழுதினான். எழுதிக் கையெழுத்தும் வைச்சான். "அனுமதிப்பத்திரக்காரர் காணியில் வசிக்கிறார்." அந்த அறிக்கை இண்டைக்கும் பைலிலை கிடக்கு. நான் கொப்பி எடுத்து வைச்சிருக்கிறன், இந்தா பாரும், மடிப்பிலை கிழிஞ்சுபோச்சு, எழுத்து வடிவாத் தெரியும்.

ஒப்பீசர் போன பிறகு நான் அவளைக் கூப்பிட்டுச் சொன்னன், "கெட்டிக்காரி. நேரத்துக்கேத்த மாதிரிப் பொய் சொல்லுறதுக்கும் ஒரு மூளை வேணும்" எண்டு. பாராட்டினன், பிள்ளை! கூலிக்காரியை ஆர் பாராட்டுவினம்?

"பொய் சொல்லலீங்க ஐயா" எண்டாள். "அவரு வீட்டுல யாரு இருக்கான்னு கேட்டாரு. பதினோரு நாளா உள்ள நீங்கதானே இருந்தீங்க."

படிப்பில்லாத சனம். கேள்வி என்னத்துக்குக் கேட்டது எண்டே அவளுக்கு விளங்கேல்லை. நல்ல காலம், விளங்கேல்லை.

அண்டைக்கே நான் பஸ் ஏறிட்டன். லீவு முடிஞ்சுது. அடுத்த சனிக்கிழமை போறன், வீடு இல்லை. கூரையைப் பிரிச்சு, தடியைப் பிடுங்கி, சுவரைக் கூட உடைச்சுக் கரைச்சு, நிலத்தைக் கொத்திச் சமப்படுத்தி விட்டிருக்கு. அந்த இடத்திலை ஒரு வீடு இருந்ததெண்டு நான் சொன்னால்தான் தெரியும். என்ரை சாமிப்படத்தையும் கலண்டரையும் சேட்டையும் ஒரு சாக்கிலை கட்டிக் கிணத்துக்கட்டிலை வைச்சிருந்தது. ஒண்டும் களவெடுக்கேல்லை, அதைச் சொல்லத்தான் வேணும். மிளகாய் பழுத்துக் கொட்டுண்டுபோய்க் கிடக்கு. ஒரு வார்த்தை சொல்லாமல் போயிட்டுதுகள். நன்றி எண்டது மருந்துக்கும் இல்லை.

கொலனிக்கு அங்காலை, குளத்து வாய்க்கால் முடியிற இடத்திலை, ஒருத்தருக்கும் வேண்டாத பத்தைக்காட்டை வெட்டுதுகள் எண்டு பிறகு கேள்விப்பட்டன். வெட்டட்டும், ஆனை மிதிச்சால் தெரியும் எண்டன். ஆளுக்கா பஞ்சம்? எழுபத்தேழிலை கலவரம் வந்து இன்னும் ஆயிரக்கணக்கிலை சனம் மலைநாட்டிலையிருந்து வந்து இறங்கினது. நான் சந்தியிலை போய் நிண்டு கூப்பிட்டன். கூலியைக் கூட்டித் தாறனெண்டன். ஒருத்தரும் வரேல்லை. அவள் ஏதும் சொல்லிவிட்டிருக்கிறாளோ எண்டு வாத்தியாரைக் கேட்டன். "அவள் ஒண்டும் சொல்லேல்லை பரராசா. 'அந்த ஐயாட காணியா?' எண்டு கேக்கிறவைக்கு, 'ஆமா' எண்டு மட்டும் சொல்லுவாள்" எண்டான். இதுக்கு என்ன அர்த்தம், நீர் சொல்லும் பாப்பம்.

ஒரு போகம் நானே செய்து பாத்தன். நாத்து நட்டுவிட்டு அடுத்த சனிக்கிழமை வந்தால் முழுக்கக் கருகிக் கிடக்கு. ஒரு கிழமை தண்ணியில்லாமல் நிக்கேலாத பயிரெல்லாம் ஒரு பயிரோ? எழுபத்தெட்டோடை போக்குவரத்தை விட்டன். நாட்டுப் பிரச்சினை, பிள்ளை, அதாலை விடவேண்டி வந்தது. பிரச்சினை எண்பத்துமூண்டிலைதான் தொடங்கினது, ஆனால் எனக்கு முதலே தெரியும்.

பிறகு சண்டை, இடப்பெயர்வு, எல்லாம் உமக்குத் தெரிஞ்சதுதானே. போன மாசம் ஒரு கடிதம் வருது. பயிர் செய்யாத காணியளைப் பாக்கிறமாம், பெர்மிற்காரர் நேரிலை வந்து எல்லை காட்டவேணுமாம், இண்டைக்குப் பதினொரு மணிக்கு. எனக்குச் சிரிப்பு. மூண்டு ஏக்கர், அதுக்குள்ளை கிணறு, றோட்டுக்கரை. அதுக்குள்ளை ஆரோ இருந்து பிடிச்சிருப்பாங்கள், பெர்மிற்றைக் காட்டி எழுப்புவம், பிறகு ஆற்றையாவது தலையிலை விப்பம் எண்டுதான் வந்தனான். முதல் பஸ்ஸுக்கு வந்து, ஒன்பது மணிக்கு இறங்கிப் பாக்கிறன், என்ரை காணிப் பக்கம் முழுக்கக் காடு. றோட்டுக்கு மற்றப் பக்கம் தென்னை, வாழை, கச்சான் கடலை. கல்வீடு. படலையிலை பெருமாயி.

தலை நரைச்சுப்போச்சு. சன்னாசி கடைசிச் சண்டையிலை செல் விழுந்து செத்திட்டானாம். சண்டை முடிஞ்சு அகதி முகாமிலையிருந்து வந்தவைக்கு வாய்க்கால் பக்கத்தை விட்டு இஞ்சாலை காணி குடுத்திருக்கு. இதுக்கும் ஒரு பெர்மிற். காலத்தைப் பாத்தீரே?

"வாங்கய்யா" எண்டாள்.

"என்ரை காணிக்கை ஆர் இருக்கிறது?" எண்டன்.

"யாரும் இல்லீங்க. அத யாரும் தொடல. முகாம்ல இருந்து வந்து எல்லாரும் எடம் தேடினப்போ அத வெட்டலாமான்னு கேட்டாங்க. வேணாம்னுட்டேன்."

"ஏன் வேண்டாமெண்டனீ?"

"வேணாம்னுதான்."

கதையைப் பாரும். எனக்குப் பதினொரு மணிக்குள்ளை அலுவல் முடியவேணும். "நாலு பேரைப் பிடி, றோட்டுக்கரையிலை கொஞ்சத்தை வெளியாக்கி, உன்ரை வாழைக்குட்டி பத்து நட்டால் காணும். பயிர் செய்யிறன் எண்டு காட்டலாம்" எண்டன்.

"இன்னைக்குக் கச்சான் புடுங்குறோம் ஐயா."

"கூலி தாறன்."

"நாங்க கூலிக்குப் போறத விட்டு இருவது வருசமாச்சு."

எப்பிடிச் சொல்லுறாள் பாரும்! கோவமும் இல்லை. எனக்கு நேரம் சொல்லுறமாதிரிச் சொல்லுறாள். "சரி, கத்தியையாவது தா" எண்டன். உள்ளுக்கை போய் எடுத்துக்கொண்டு வந்து, பிடிப்பக்கத்தை என்ரை பக்கம் திருப்பித் தந்தாள். "எல்லைக் கல்லு தேடிப் போறீங்களா? வேணாம் ஐயா, கண்ணு தெரியாத காடு" எண்டாள். என்ரை காணிக்கை போக எனக்கு அவள் வழி சொல்லுறாள்! கண்ணிவெடி எடுத்தாச்செண்டு பலகை நட்டிருக்கு, பிறகென்ன?

போனன். மூண்டு ஏக்கருக்குள்ளை ஒரு மனுசன் தொலையேலுமோ எண்டு நீர் நினைப்பீர். நானும் அப்பிடித்தான் நினைச்சன். நாப்பது வருஷக் காடு பிள்ளை. பத்து எட்டு வைச்சன், றோட்டு மறைஞ்சுபோச்சு. கிணறு இருக்கிற பக்கமெண்டு நடந்தன், கிணறில்லை. இன்னொரு பக்கம் திரும்பினன், சூரைமுள்ளு சேட்டைப் பிடிச்சுது. இழுத்தன், கண்ணாடி எங்கையோ விழுந்துபோச்சு. குனிஞ்சு தடவினன், கையெல்லாம் இரத்தம். எழும்பினால் எந்தப் பக்கத்தாலை வந்தனான் எண்டு தெரியேல்லை. மோட்டச்சைக்கிள் சத்தம் ஒண்டு கேட்டது, ஒப்பீசர் வந்திட்டுது. எந்தப் பக்கத்திலை கேக்குது எண்டு விளங்கேல்லை. எல்லாப் பக்கமும் கேக்குது.

"ஒப்பீசர்!" எண்டு கத்தினன். "ஆராவது வாங்கோ!" எண்டு கத்தினன். வாத்தியாரைக் கூப்பிட வந்துது, அவன் செத்துப் பதினைஞ்சு வருஷம். அறுபது துண்டுக்காரர் இருந்த கொலனி. ஒரு பேர் வாயிலை வரேல்லை. அந்த முள்ளுக்கை குந்தியிருந்தன். தண்ணி விடாய்க்குது. எவ்வளவு நேரம் எண்டு தெரியாது.

பிறகு அவளின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டன். மூண்டு தரம் கூப்பிட்டன். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம் போலை.

வந்தாள். இன்னொரு கத்தியோடை, முன்னுக்கு வெட்டி வெட்டி. என்னைப் பிடிச்சு எழுப்பேல்லை, ஒரு தடியை வெட்டிக் கையிலை தந்திட்டு முன்னாலை நடந்தாள்.

"யார ஐயா கூப்பிட்டீங்க?" எண்டு திரும்பாமல் கேட்டாள்.

"உன்னைத்தான்."

"என் பேரு ஒங்களுக்குத் தெரியும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

மூண்டு வருஷம் வேலை வாங்கினவனுக்குப் பேர் தெரியாதோ? "தெரியும். கூப்பிட அவசியம் வரேல்லை" எண்டன். நியாயமான பதில்தானே? அவள் முன்னாலை வெட்டிக்கொண்டு போனாள். முப்பது எட்டு நடந்திருக்கமாட்டம், றோட்டு.

ஒப்பீசர் அவளின்ரை முத்தத்திலை கதிரையிலை இருந்து தேத்தண்ணி குடிக்குது. ஒரு சின்னப் பெட்டை, உம்மடை வயசிருக்கும். நான் எழுபத்தாறாம் ஆண்டு அறிக்கையை எடுத்துக் காட்டினன். பாத்தாள். "சரி ஐயா" எண்டாள். பாத்துப்போட்டுக் கடுதாசியிலை எழுதுறாள், "காணியின் தற்போதைய நிலை: காடு." அறுபத்தொம்பதிலை எனக்குத் தரேக்கையும் அதைத்தான் எழுதித் தந்தவை!

"இதை எப்ப வெட்டிப் பயிர் செய்யப்போறீங்கள்?" எண்டாள்.

"ஆள் பிடிச்சுச் செய்விப்பன்."

"ஆள் பிடிச்சில்லை ஐயா, நீங்கள். பெர்மிற்றிலை அப்பிடித்தான் போட்டிருக்கு. ஒரு வருஷம் தவணை தரலாம்."

எனக்கு எழுபத்தாறு வயசு, நான் மண்வெட்டி தூக்கவேணுமாம். கையெழுத்து வைக்கச் சொன்னாள். கண்ணாடி இல்லை, எதிலை வைக்கிறதெண்டு தெரியேல்லை. விரலை வைச்சு இடம் காட்டினாள், வைச்சன். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணின எனக்கு அந்தப் பெட்டை விரல் வைச்சுக் காட்டுறாள்.

பஸ்ஸுக்கு இன்னும் ஒண்டரை மணித்தியாலம் கிடந்தது. றோட்டுக்கரைக் கல்லிலை இருந்தன். அவையள் கச்சான் பிடுங்கினம், ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை. கொஞ்சத்தாலை பெருமாயி வந்தாள். கையிலை தண்ணிப் போத்தல்.

"குடிங்க ஐயா. கடைல வாங்கினது. மூடி தொறக்கல."

பாத்தீரே பிள்ளை? நாப்பது வருஷத்துக்குப் பிறகும் அவள் மறக்கேல்லை, நான் அவளின்ரை வீட்டுத் தண்ணியிலை வாய் நனைக்கமாட்டன் எண்டு. முழுப் போத்தலையும் அந்த இடத்திலையே குடிச்சன். இண்டைக்கு எனக்குக் கிடைச்ச மரியாதை அந்த ஒண்டுதான்.